மாடித் தளம் ஒழுகுகிறது: நம்பி வேலை கொடுக்க ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேடவாக்கம்_மகள் எழுதியது:

வணக்கம். அம்மாவும் அப்பாவும் சென்னை மேடவாக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். வீடு 1996-இல் கட்டியது. கான்கிரீட் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருக்கிறார்கள். போன பருவமழையில் ஹால் கூரையில் ஓதம் படர்ந்தது. கோடையில் அந்த இடத்துப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. ஓரிடத்தில் கம்பி துருவேறி வெளியே தெரிகிறது. அப்பா மத்தியானம் படுக்கிற கட்டிலுக்கும் அந்த இடத்துக்கும் நாலடிதான் இடைவெளி.

அக்டோபருக்குள் சரி செய்தாக வேண்டும். வந்து பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் மேலே வெள்ளைப் பூச்சு இரண்டு கோட்டிங் அடித்தால் போதும், 38 ஆயிரம் என்கிறார். இன்னொருவர் இருக்கிற தட்டோட்டின் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். மற்றொருவர் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துப் புதிதாகத் தளம் போட ஒன்றரை லட்சம் கேட்டு, பாதியை முன்பணமாகக் கொடுத்தால்தான் நாள் குறிப்பேன் என்கிறார். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. யாரோடும் வாக்குவாதம் செய்யத் தெரியாது.

எனக்குப் போன் நம்பர் வேண்டாம். வருகிற ஆளை எடைபோடுவது எப்படி என்றுதான் தெரிய வேண்டும்.

வேளச்சேரி_ஏரிக்கரை எழுதியது:

உங்கள் தெருவிலேயே கேளுங்கள். ஆனால் போன மாதம் முடித்த வேலையைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். குறைந்தது இரண்டு மழைக்காலம் பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம், மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேலை முடிந்து பணமும் வாங்கிய பிறகு, ஏதாவது குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா?" எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

தளமும்_தூணும் எழுதியது:

அம்மா, நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆளைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். அது தெரியாமல் யாரைக் கூப்பிட்டாலும் அவரவருக்குத் தெரிந்த வேலையைத்தான் வைத்தியம் என்று சொல்வார்கள். பூச்சு அடிப்பவர் பூச்சு என்பார், டைல்ஸ் பதிப்பவர் டைல்ஸ் என்பார். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் இருக்கும் வேலை அது.

ஓதம் மழைக்கு மட்டும் வருகிறதா, சித்திரையிலும் ஈரமாக இருக்கிறதா? வெயில் காலத்திலும் இருந்தால் மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், சோலார் ஹீட்டர் இருந்தால் அதன் இணைப்புகள் ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். இரவு தொட்டியை நிரப்பி, வெளியே போகும் வால்வுகளை மூடிவிட்டு, காலையில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். மழைக்கு மட்டும் என்றால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தொட்டியைத் தாங்கும் குட்டைச் சுவரின் அடி, இந்த இடங்களை முதலில் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் ஓரங்களில்தான் நுழைகிறது. ஆனால் காசு முழுவதும் நடுத்தளத்தில் செலவாகிறது.

உங்கள் தளத்தின் மேல் இருப்பது பழைய முறை. எங்கள் துறை விவரக்குறிப்பில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் சேர்க்கக் கூடாது என்று இருக்கும். 20 மி.மீ. ஜல்லி. அதைக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதித்து இடுக்குகளை அடைப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் முப்பது வருடம் நிற்கும் முறை இது, அதன் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் தட்டோட்டின் இடுக்குகள் விட்டுப்போனால் கீழே உள்ள ஜல்லி அடுக்கு பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளேயே பக்கவாட்டில் நகரவும் செய்யும். அதனால் ஹாலில் ஓதம் தெரிகிறது என்பதற்காக ஹாலுக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள்.

இப்போது உங்களுக்கு வந்த யோசனைகள். ஜல்லி ஈரமாக இருக்கும்போது மேலே பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெயிலில் அது ஆவியாகி மேலே வரப் பார்க்கும், பூச்சு கொப்பளித்து உரியும். நன்றாகக் காய்ந்த தளத்தில், இடுக்குகளை எல்லாம் சரி செய்த பிறகு அடித்தால் பயன் உண்டு. அதனால் பூச்சு அடிக்கலாம் என்று சொன்னவரிடம் "அடிப்பதற்கு முன்னால் என்னென்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் பாதி வேலை அதுவாக இருக்க வேண்டும்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் என்றவரிடம் எடையைப் பற்றிக் கேளுங்கள். ஓர் அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் ஆறு கிலோ. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய ஆறு டன். கம்பி துருவேறிய தளத்தின் தலையில் அதை ஏற்றச் சொல்பவர், கீழே வந்து அந்தக் கம்பியைப் பார்த்தாரா?

அந்தக் கம்பி தனி வேலை. துருப்பிடித்த இரும்பு பருத்து கான்கிரீட்டைத் தள்ளிவிடும், அதனால்தான் பெயர்ந்து விழுகிறது. சிமெண்ட் குழைத்து அப்பி மூடினால் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை தெரியச் செய்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, பிறகு ஒட்டும் திரவம் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி மிகவும் இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டி வரும். அதை ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். அவருக்குப் பார்வைக் கட்டணம் கொடுங்கள். வேலை எடுக்காத ஒருவர் சொல்லும் யோசனைக்குக் காசு கொடுப்பது வீண் செலவு அல்ல.

அதுவரை அப்பாவின் கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். இன்றைக்கே.

மின்_பாதுகாப்பு எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹால் கூரைக்குள் ஒயர் ஓடும் பைப் இருக்கும், ஃபேன் மாட்டிய பெட்டி இருக்கும். ஓதம் அந்தப் பக்கம் போயிருந்தால் மழை நாளில் ஃபேன், லைட் போடுவதே ஆபத்து. அந்த வரிசைக்கு உரிய எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள சுவிட்சை) இறக்கி வையுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், மின் உரிம வாரியம் கொடுக்கும் கம்பியாளர் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, சான்று உள்ளவர் பெருமையாகவே காட்டுவார். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா, இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று அவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். 1996-இல் கட்டிய வீடு என்றால் அது இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். லைட்டுக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. ஒயர் என்பது வழக்கம். "எல்லாத்துக்கும் ஒரே ஒயர் போதும் சார்" என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செங்கல்பட்டு_மேஸ்திரி எழுதியது:

அக்கா, நான் மேஸ்திரி. சித்தாளாகக் கல் சுமந்து, கொத்தனாராகி, இப்போது சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆளைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

"நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வரமாட்டேங்கறான்" என்று எல்லோரும் எங்களைத் திட்டுவார்கள். காரணம் இதுதான். புது வீட்டு வேலை என்றால் என் ஆட்களுக்கு மாதக் கணக்கில் சம்பளம். ரிப்பேர் வேலை மூன்று நாள், நான்கு நாள். அதற்காகப் பெரிய வேலையில் இருந்து இரண்டு கொத்தனாரை இழுத்தால் அங்கே வேலை நின்றுவிடும், அந்த வீட்டுக்காரர் கத்துவார். அதனால் இரண்டு வேலைக்கு நடுவில் இடைவெளி கிடைக்கும்போதுதான் ரிப்பேருக்கு வருவோம். இதை முதலிலேயே சொல்லி, "பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் முடியும்" என்று சொல்கிற மேஸ்திரியை நம்பலாம். நாளைக்கே வருகிறேன் என்று உடனே சொல்பவரை நம்பி மற்றவர்களை விட்டுவிடாதீர்கள்.

அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டு, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அந்த இடத்துக்கு உங்கள் ஆள் யாரையாவது போகச் சொல்லுங்கள். கரணை, மணியாஸ் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் கட்டை), பாண்டு (கலவை அள்ளும் சட்டி) எல்லாம் கழுவி வைத்திருக்கிறார்களா? மிஞ்சின கலவை தரையில் கெட்டியாகிக் கிடக்கிறதா? ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவருடையதா, அல்லது வீட்டுக்காரரிடம் "மட்டம் இருக்கா" என்று கேட்கிறாரா? நேற்றுப் பூசின சுவர் இன்றைக்கு ஈரமாக இருக்கிறதா? இவ்வளவு போதும். அவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

கலவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்கள் சிலருக்குக் கோபம் வரலாம். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, ஒன்றேகால் கன அடி. ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், அதாவது ஒன்றுக்கு நாலு என்றால் ஐந்து கன அடி மணல். பாண்டில் அள்ளிப் போடும்போது சிமெண்ட் பாண்டு தட்டையாக இருக்கும், மணல் பாண்டு கோபுரமாக இருக்கும். எண்ணிக்கை சரியாகவே வரும், ஆனால் ஒன்றுக்கு நாலு ஒன்றுக்கு ஆறாகியிருக்கும். அப்பாவை அங்கே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அப்புறம், சாப்பாட்டுக்கு முன்னால் குழைத்த சிமெண்ட் கலவையில் சாப்பிட்டு வந்து தண்ணீர் ஊற்றிக் கிளறிப் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். சிமெண்ட் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் விட்டால் குழையும், ஆனால் பலம் இருக்காது.

ரொம்பவும் அடித்துப் பேரம் பேசினால் எங்கே கை வைப்பார்கள் தெரியுமா? கூலியில் வைக்க முடியாது, சித்தாளுக்கு அன்றன்றைக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் சிமெண்டில் வைப்பார்கள். செய்வது தப்புதான். ஆனால் நடக்கிறது. பொருளை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசினால் இந்தத் தொல்லை பாதி குறையும். எந்தக் கடை என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். கடைக்காரர் மேஸ்திரிக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த விஷயம்.

முன்பணம் கேட்பது தப்பில்லை. பொருள் நீங்கள் வாங்கினால், ஆட்களைக் கட்டிவைக்க இரண்டு நாள் கூலி அளவுக்குக் கேட்பது நியாயம். ஒன்றரை லட்சத்தில் பாதி என்பது நியாயமில்லை.

ஓஎம்ஆர்_அடுக்ககம் எழுதியது:

மேஸ்திரி அண்ணன் சொல்வது எல்லாம் சரி, ஆனால் கோவையில் இருக்கிற ஒருவரால் இதையெல்லாம் செய்ய முடியுமா? கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் பத்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார்கள். ஜிஎஸ்டியோடு பில். பிரச்சினை என்றால் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. தனி மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டால் யாரைத் தேடுவது?

தளமும்_தூணும் எழுதியது:

அதுவும் நியாயமான வழிதான். ஆனால் உத்தரவாதத் தாளைக் கையெழுத்துக்கு முன் முழுக்கப் படியுங்கள், பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் சேர்த்து. நான் பார்த்த பல தாள்களில் உத்தரவாதம் பொருளுக்கு மட்டும்தான். மறுபடி வந்து அடிக்கும் கூலி சேராது. தளத்தில் வெடிப்பு வந்தால் சேராது, மாடியில் யாராவது புதிதாகத் துளை போட்டால் சேராது. பத்து வருடத்தில் அந்தக் கம்பெனியின் பெயரில் வந்து வேலை செய்த துணை ஒப்பந்தக்காரர் எங்கே இருப்பார் என்பதையும் யோசியுங்கள். பொருள் தயாரிப்பவர் தரும் உத்தரவாதமா, பூசுபவர் தரும் உத்தரவாதமா, இரண்டும் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கம்பெனி என்றாலும் கடைசியில் மாடி ஏறிக் கரணை பிடிப்பவர் ஒரு கொத்தனார்தான். அவர் யார், இந்த வேலையில் எத்தனை வருடம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

திருச்சி_தென்னூர் எழுதியது:

நான் தனியாக வாழும் பெண், பள்ளி ஆசிரியை. எனக்கு ஒழுகல் பிரச்சினை இல்லை, ஏசி பிரச்சினை. இணையத்தில் சர்வீஸ் சென்டர் என்று தேடினால் முதலில் வரும் நம்பருக்குப் போன் செய்தேன். கம்பெனி சட்டை போட்ட ஒருவர் வந்தார், ஐந்து நிமிடம் பார்த்தார், "கேஸ் சுத்தமா இல்ல மேடம்" என்றார். நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கோடையில் மறுபடி குளிர் இல்லை, மறுபடி அதே வசனம். அது கம்பெனியின் நம்பரே இல்லை என்று பிறகு தெரிந்தது. கேஸ் இப்படி வருடா வருடம் தீர்ந்துபோகுமா?

குளிர்_மெக்கானிக் எழுதியது:

தீராது, டீச்சர். ஏசியில் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை இல்லாமல் குறையவே குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். பெரும்பாலும் உள் யூனிட்டும் குழாயும் சேரும் நட்டு, அல்லது காயிலிலேயே அரிப்பு. அடைத்த பிறகு வேக்குவம் பம்பு போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று வெளி யூனிட்டில் ஒட்டிய தாளிலேயே இருக்கும், எந்த கேஸ் என்பதும் இருக்கும். வேக்குவம் பம்பும் தராசும் கொண்டு வராமல் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அவரைக் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.

நிறைய இடங்களில் கேஸ் குறைவே கிடையாது. ஃபில்டரும் காயிலும் தூசி அடைத்திருக்கும், அல்லது வெளி யூனிட்டின் கப்பாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன பாகம்) போயிருக்கும். தண்ணீர் மோட்டாரிலும் இதே கதைதான். கப்பாசிட்டர் மாற்றினால் ஓடும் மோட்டாரைக் காயில் கருகிவிட்டது என்று கழற்றிக்கொண்டு போவார்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

நம்பரை வாங்கின பில்லில் இருந்தோ, உத்தரவாத அட்டையில் இருந்தோ, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்தோ மட்டும் எடுங்கள். வருபவரை உள்ளே விடும் முன் அதே நம்பருக்குக் கூப்பிட்டுப் புகார் எண்ணையும் பெயரையும் சரிபாருங்கள். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரை அந்த அரை மணி நேரம் வந்து உட்காரச் சொன்னால் நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம். எங்களுக்கும் அது நிம்மதிதான்.

மேடவாக்கம்_மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டிலை மாற்றிவிட்டோம், ஹால் ஃபேன் வரிசையை இறக்கி வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டியின் நீர்மட்டம் காலையில் அப்படியே இருந்தது, அதனால் தொட்டி காரணம் இல்லை. மழைநீர்க் குழாயின் வாயைப் பார்த்தால் வேப்பிலைச் சருகு அடைத்து, சுற்றியுள்ள கலவை வட்டமாக வெடித்து விட்டுப்போயிருக்கிறது. விரல் நுனி உள்ளே போகிறது. வேளச்சேரி நண்பர் சொன்னபடி தெருவில் விசாரித்ததில் ஒரு பெரியவர் பெயர் வந்தது. நான்காவது வீட்டில் அவர் செய்த மாடி மூன்று மழை பார்த்துவிட்டது. அவரைக் கூப்பிட்டோம்.

வந்தவர் விலையே சொல்லவில்லை. முதலில் கீழே நின்று கூரையைப் பார்த்தார். பிறகு மேலே போய் ஓர் ஆணியின் கொண்டையால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சிலது கணீரென்றது, சிலது பொத்தென்றது. பொத்தென்றவற்றில் எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். முடித்து எழுந்து பார்த்தபோது கோடுகள் எல்லாம் குழாய் வாயைச் சுற்றியும், அங்கிருந்து தொட்டி வரைக்கும் ஒரு பட்டையாகவும் இருந்தன. "முழு மாடியையும் எடுக்க வேண்டாம்மா, இந்தப் பட்டையை எடுத்து ஜல்லியைக் காயவிட்டுத் திரும்பப் போட்டால் போதும், மற்ற இடத்தில் இடுக்கு மட்டும் பார்க்கலாம்" என்றார். கூரைக் கம்பியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எனக்குத் தெரிந்த வேலை இல்லை, இன்ஜினியர் யாரையாவது கூட்டிட்டு வாங்க, அவர் சொல்றபடி செய்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, என்ன எழுதி வாங்குவது? அவர் பில் எல்லாம் தரக்கூடியவர் இல்லை.

நுகர்வோர்_பக்கம் எழுதியது:

பில் இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளைத் தாள் போதும். வேலை விவரம், தொகை, தேதி, இருவர் கையெழுத்து. பணத்தை ஜிபே போன்ற வழியில் அனுப்பி, குறிப்பில் "மாடி வேலை, இரண்டாம் தவணை" என்று எழுதுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். தகராறு என்று வந்தால் இவைதான் சாட்சி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு வாங்கிச் செய்யும் சேவையில் குறை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். வழக்குக்குப் போகும் முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன பெரியவரிடம் இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கம்பெனியிடம் கொடுப்பவர்களுக்காகச் சேர்த்துச் சொன்னேன்.

செங்கல்பட்டு_மேஸ்திரி எழுதியது:

ஆணிக் கொண்டையால் தட்டிப் பார்த்தாரா? அக்கா, அவரை விடாதீர்கள்.

தாளில் இந்த மாதிரி எழுதுங்கள், எங்கள் ஆட்களுக்குப் புரியும்:

"மாடியில் சுண்ணாம்புக் கோடு போட்ட பகுதியில் தட்டோடு, ஜல்லி எடுத்து, காயவிட்டு, புதிதாக ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்து இடுக்கு அடைப்பது. மற்றப் பகுதியில் விட்டுப்போன இடுக்கைச் சுரண்டி எடுத்து அடைப்பது. மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றிக் கொத்திப் புதிதாகக் கட்டுவது. கைப்பிடிச் சுவர் மூலை முழுவதும் வளைவாகக் கலவை பிடிப்பது. பொருள் வீட்டுக்காரர் வாங்கித் தருவது, கூலி இவ்வளவு. கொத்திய குப்பையை இறக்கி அப்புறப்படுத்துவதும் கூலியில் சேரும். மாடியில் தண்ணீர் கட்டி ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு கடைசித் தவணை."

குப்பையை மறக்காமல் எழுதுங்கள். பாதிச் சண்டை அதில்தான் வரும். வாரக் கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள், ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது புதிதாக ஏதாவது சேர்ந்தால் அப்போதே அதே தாளில் தொகையோடு எழுதுங்கள். "அதையும் பார்த்து செஞ்சிடுங்க" என்று வாயால் சொன்னால் இரண்டு பக்கமும் கசப்புதான்.

அவருடைய ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1994-இல் இருந்து இருக்கிற வாரியம், இன்னும் நிறையப் பேர் பதியாமல் இருக்கிறார்கள். மாடி ஓரத்தில் வேலை செய்கிற ஆள் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு அந்த அட்டைதான் ஆதாரம். பதியாவிட்டால் பதியச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர், கை கால் கழுவ இடம், கழிவறை, இதை முதல் நாளே காட்டிவிடுங்கள். சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வீட்டில் வேலை நடக்கும்போது "அப்படியே செப்டிக் டேங்க் அடைப்பையும் பார்த்துடுங்க" என்று எங்கள் ஆளை இறங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். தூக்கப் போகிறவரையும் சேர்த்து.

நுகர்வோர்_பக்கம் எழுதியது:

மேஸ்திரி சொன்னது சட்டப்படியும் குற்றம். மனிதர் கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குபவருக்கு முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். உள்ளாட்சியில் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண் இதற்காகவே இருக்கிறது.

தளமும்_தூணும் எழுதியது:

தண்ணீர் கட்டிப் பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. இரண்டு அங்குலத் தண்ணீர் என்றாலே சதுர மீட்டருக்கு 50 கிலோ. கீழே கம்பி வேலை முடியாமல் மாடி முழுவதும் நிரப்ப வேண்டாம். முதலில் கூரைக் கம்பி, அந்தக் கலவை பலம் பிடித்த பிறகு மேலே சோதனை. குழாய் வாயில் ஈரச் சாக்கைத் திணித்து, புதிதாகப் போட்ட பட்டையைச் சுற்றிக் களிமண் வரப்பு கட்டி, ஓர் அங்குலம் மட்டும் நிறுத்துங்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் கீழே பாருங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவையுங்கள், வெயிலில் கொஞ்சம் குறையும், அதற்குப் பயப்படாதீர்கள். சாக்கை எடுத்ததும் தண்ணீர் எங்கும் தேங்காமல் வடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மேடவாக்கம்_மகள் எழுதியது:

பொறியாளர் ஒருவர் நேற்று வந்து பார்த்தார். இரண்டு கம்பிகள்தான் இளைத்திருக்கின்றன, பக்கத்தில் புதுக் கம்பி கட்டினால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெரியவர் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குப்பை என்ற வரியைப் பார்த்து, "இதை யாருமே எழுத மாட்டாங்க" என்றார். ஆவணி முடிவதற்குள் வேலை ஆரம்பம். நான் ஒரு வாரம் விடுப்பு போட்டிருக்கிறேன், அதன் பிறகு அப்பாதான். வேலை முடிந்த பிறகு அப்பா செய்ய வேண்டியது என்ன?

செங்கல்பட்டு_மேஸ்திரி எழுதியது:

தண்ணீர் நனைப்பது. அது மேஸ்திரி வேலை இல்லை, வீட்டுக்காரர் வேலை. சிமெண்ட் பட்ட இடத்தில் எல்லாம் ஈரச் சாக்கு விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, பத்து நாள் காயாமல் வைத்திருக்க வேண்டும். மத்தியான வெயிலில் அப்பாவை மாடி ஏறச் சொல்லாதீர்கள், காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் போதும். கூரையில் பூசின இடத்துக்கு ஸ்பிரேயர் வாங்கிக் கொடுங்கள், பூச்செடிக்கு அடிப்பதே போதும். குழாய் வாய்க்கு ஒரு இரும்பு வலைக் கூடை மாட்டச் சொல்லுங்கள், அந்த வேப்ப மரம் இருக்கிறவரை சருகு வரத்தான் செய்யும்.